மலைகள் சூழ்ந்த டாவோ: ஒரு வைன் நிலமும் அதன் மனிதர்களும்

போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்களை நாம் நாள்தோறும் பயன்படுத்துகிறோம். அலுமாரி, மேசை, குசினி, கோப்பை எல்லாம் அவர்களிடமிருந்து வந்தவை. பீப்பாவும் அப்படித்தான். அவர்கள் 'பிப்பா' என்றது வைன் அடைக்கும் பெரிய மரக்கலனை. வைனை அளக்கும் அலகாகவும் அதுவே இருந்தது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றியவர்கள், கோட்டை கட்டியவர்கள், கோயில்களை இடித்தவர்கள் என்றே போர்த்துக்கேயரை எமக்குத் தெரியும். அந்தப் பீப்பாக்களை நிரப்பிய உள்நாட்டுக் கிராமங்கள் எப்படியானவை, அங்கே நிலத்தில் வேலை செய்தவர்களுக்கு என்ன நடந்தது என்பது பற்றி நாம் அதிகம் பேசியதில்லை.

அப்படியான ஒரு நிலம் டாவோ. மூக்கால் ஒலிக்கவேண்டிய பெயர் அது. தமிழ் எழுத்தில் சரியாகப் பிடிபடாது. நாட்டின் நடுப்பகுதியில் ஓடும் ஒரு சிறிய ஆற்றின் பெயர்தான் சுற்றியுள்ள வைன் பிரதேசத்துக்கும் வந்தது. விசெயு நகரம் அதன் மையம். மதுவைப் புகழ்வதற்காக இதனை எழுதவில்லை. போருக்குப் பின்னர் எமது கிராமங்களில் மது என்ன செய்திருக்கிறது என்பதை அறிந்தவர்களுக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் ஒரு நிலத்தின் குணம் அதன் விளைபொருளில் எப்படி இறங்குகிறது, ஒரு அரசு அதனை எவ்வளவு தூரம் கெடுக்க முடியும் என்பதற்கு டாவோவைப் போலத் தெளிவான உதாரணங்கள் குறைவு.

கிண்ணம் போன்ற மேட்டுநிலம்

நான்கு பக்கமும் மலைகள். கிழக்கிலும் தென்கிழக்கிலும் எஸ்த்ரெலா மலைத்தொடர். 1,993 மீற்றர் உயரமான அதன் உச்சிதான் போர்த்துக்கல் பெருநிலத்தின் மிக உயர்ந்த இடம். குளிர்காலத்தில் அங்கே பனி மூடும். மேற்கே கரமுலோவும் புசாக்கோவும், தெற்கே லோசாவும் அசோரும், வடக்கே நாவே மலையும் நிற்கின்றன. கரமுலோ உயரத்தில் ஆயிரம் மீற்றரைச் சற்றுத் தாண்டும். ஆனால் அத்திலாந்திக்கிலிருந்து வரும் ஈரக்காற்றின் பெரும் வேகத்தைத் தடுப்பது அதுதான். அங்குள்ள காற்றின் தூய்மையை நம்பி 1920களிலிருந்து கரமுலோவில் காசநோயாளருக்கான சிகிச்சை நிலையங்கள் வரிசையாகக் கட்டப்பட்டன. மறுபக்கத்து மலைகள், ஸ்பெயினின் உள்நாட்டுச் சமவெளியிலிருந்து வரும் கோடை வெக்கையையும் குளிர்கால வறட்டுக் காற்றையும் மறிக்கின்றன.

இதனால் உள்ளே ஒரு தனிக் காலநிலை உருவாகிறது. மழை நிறைய உண்டு, ஆனால் அதில் பெரும்பகுதி இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் கொட்டிவிடும். கோடை வறண்டது, பகலில் நன்றாகச் சுடும். இரவில் மலைக்காற்று இறங்கியதும் வெப்பம் சட்டென்று விழும். முந்திரிகைக்கு (திராட்சையைத்தான் சொல்கிறேன், யாழ்ப்பாணத்தவருக்கு விளக்கத் தேவையில்லை) இந்த இரவுக் குளிர் முக்கியமானது. பகல் வெயிலில் பழத்தில் இனிப்பு ஏறுகிறது. இரவு குளிராக இருந்தால் பழத்திலுள்ள புளிப்பு எரிந்துபோகாமல் தங்குகிறது. டாவோ வைனின் குணத்தைக் கேட்டால் முதலில் சொல்லவேண்டியது இந்தப் புளிப்பைத்தான்.

அடுத்தது மண். பெரும்பகுதி கிரனைட் என்ற கருங்கல் சிதைந்து உண்டான மணல்மண். வளம் குறைவு, தண்ணீர் தங்காது. வேர் ஆழமாக இறங்கித்தான் பிழைக்கவேண்டும். எமது ஊர்களில் செம்மண்ணில் கிணற்று நீர் இறைத்து, பந்தல் போட்டு, கொடியைக் கத்தரித்துக் கத்தரித்து ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பழம் எடுக்கும் முறைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இங்கே கொடி தாழ்வாகக் கம்பியில் படர்கிறது. ஆண்டுக்கு ஒரே அறுவடை, செப்ரெம்பரில் தொடங்கும். ஒக்ரோபர் மழை முந்திவிட்டால் அந்த ஆண்டு போச்சு.

புதிதாக அங்கு செல்பவருக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். போர்த்துக்கலின் இன்னொரு மலை வைன் நிலமான டோரோ, ஆற்றை நோக்கி இறங்கும் படிக்கட்டு வயல்களால் உலகப் புகழ் பெற்றது. 2001இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. டாவோவில் அந்தக் காட்சி இல்லை. பைன் காடு, யூக்கலிப்டஸ், வீட்டளவு கருங்கற்கள், சோளப் பாத்தி, ஒலிவ் மரங்கள், இவற்றுக்கிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு சிறு முந்திரிகைத் துண்டுகள். பிரதேசத்தின் மொத்தப் பரப்பில் கொடி நிற்கும் நிலம் மிகச் சிறு பங்குதான். தோட்டங்கள் கூடுதலாக 400, 500 மீற்றர் உயரத்தில் உள்ளன. எஸ்த்ரெலா அடிவாரத்தில் இன்னும் மேலே ஏறும். நிலம் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குப் பங்கிடப்பட்டுத் துண்டானது. காணி உறுதியைப் பிரித்துப் பிரித்து எழுதிய ஊர்க்காரருக்கு இது புதிதல்ல. ஒரு குடும்பத்திடம் அரை ஏக்கர் ஒரு இடத்தில், கால் ஏக்கர் ஆற்றுக்கு அப்பால் என்று கிடக்கும்.

இந்தப் பழங்களில் முதன்மையானது தூரிகா நாசியோனால். போர்த்துக்கலின் மிகச் சிறந்த கறுப்பு முந்திரிகை என்று இன்று சொல்லப்படுவது. அதன் பிறப்பிடம் டாவோ என்பதே பெரும்பாலானோரின் கருத்து. தொந்தெலாவுக்கு அருகே தூரிகோ என்ற கிராமமே இருக்கிறது. பழம் சிறிது, தோல் தடிப்பு, விளைச்சல் குறைவு. வயலட் பூவின் மணமும் பெர்கமொட் எலுமிச்சையின் மணமும் அதற்கு உண்டு என்பார்கள். இதனோடு அல்ஃப்ரொஷெய்ரோ, ஸ்பெயினில் மென்சியா என்று அழைக்கப்படும் ஜாயென் போன்ற வகைகளைக் கலப்பார்கள். வெள்ளை வைனுக்கு என்க்ரூசாடோ.

வைன் குடித்திராதவருக்கு இதன் சுவையை எப்படி விளங்கப்படுத்துவது? சாயம் கூடிய பிளேன்ரீ குடித்தால் நாக்கு வறண்டு இழுபடுமே, அந்தத் துவர்ப்புத்தான் சிவப்பு வைனின் எலும்பு. பழத்தின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் அது வருகிறது. வெயில் கொழுத்தும் நாடுகளின் வைனில் இனிப்பும் மதுச்செறிவும் மேலோங்கி நிற்கும். டாவோவில் துவர்ப்பும் புளிப்பும் முன்னுக்கு நிற்கின்றன, பழச்சுவை பின்னால் மெதுவாக வருகிறது. இளமையில் இறுக்கமாக இருக்கும். பத்து, இருபது ஆண்டுகள் போத்தலில் கிடந்தால் இளகும். எஸ்த்ரெலா மலையின் ஆட்டுப்பால் சீஸோடு அதனைச் சாப்பிடுவது அவ்வூர் வழக்கம். அந்தச் சீஸில் பாலை உறையவைப்பது ஒருவகை முட்செடியின் பூ. உள்ளே கரண்டியால் அள்ளும் அளவுக்குக் குழைவாக இருக்கும்.

ஊர்ப் பிள்ளையின் ஆட்சி

1908இல் டாவோவின் எல்லைகளைச் சட்டம் வரையறுத்தது. டோரோவின் போர்ட் வைன் போல மதுசாரம் சேர்த்துக் கெட்டியாக்காத சாதாரண மேசை வைனுக்கு இவ்வாறு எல்லை வகுக்கப்பட்ட போர்த்துக்கலின் முதல் பிரதேசங்களில் இதுவும் ஒன்று. அதற்கு முன்னரே, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலொக்செரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் முந்திரிகைத் தோட்டங்களை அழித்திருந்தது. அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டி மீண்டும் நட்டபோது, குறைந்த விளைச்சல் தரும் தூரிகாவைப் பலர் கைவிட்டார்கள். பசித்த விவசாயி கூடை நிறையும் வகையைத்தான் நடுவான்.

பின்னர் வந்தது சலசாரின் காலம். நாற்பது ஆண்டுகள் போர்த்துக்கலை ஆண்ட சர்வாதிகாரி அன்டோனியோ டி ஒலிவெய்ரா சலசார், 1889இல் பிறந்தது இதே டாவோவில், சந்தா கொம்பா டாவோ நகருக்கு அருகேயுள்ள விமியெய்ரோ கிராமத்தில். தகப்பன் ஒரு பெரிய குடும்பத்தின் நிலங்களைப் பார்த்துக்கொண்ட மேற்பார்வையாளர். 1928இல் நிதியமைச்சர், 1932இல் பிரதமர். ஏழ்மையாகவும் பக்தியாகவும் கீழ்ப்படிவாகவும் வாழும் கிராமத்தானே அவரது ஆட்சியின் இலட்சியக் குடிமகன். வைன் குடிப்பது பத்து இலட்சம் போர்த்துக்கேயருக்குச் சோறு போடுவதற்குச் சமம் என்பது அந்த அரசின் பிரசாரங்களில் ஒன்று.

சிறு விவசாயியைக் காப்பது என்ற பெயரில் 1940களில் ஒரு ஏற்பாடு வந்தது. டாவோவில் விவசாயிகளிடமிருந்து பழம் வாங்கி வைன் செய்யும் உரிமை கூட்டுறவுச் சங்கங்களுக்கு மாத்திரம் என்றாயிற்று. தனியார் வைன் கம்பனிகள் பழம் வாங்க முடியாது. சங்கம் செய்து முடித்த வைனைத்தான் வாங்கி, கலந்து, போத்தலில் அடைத்து விற்கலாம். அடுத்த இருபது ஆண்டுகளில் பிரதேசம் முழுவதும் சங்கங்களின் பெரிய சீமெந்துக் கட்டடங்கள் எழுந்தன.

இதில் நன்மையே இல்லை என்று சொல்லமுடியாது. அதற்கு முன் கால் ஏக்கர்க்காரனுக்கு வியாபாரி சொன்னதுதான் விலை. சங்கம் வந்தபின் அறுவடை நாளில் பழத்தை இறக்க ஓரிடம் உறுதியாக இருந்தது. ஆனால் பணம் எடைக்கும் இனிப்பு அளவுக்கும்தான். நல்ல பழமும் அழுகல் பழமும், தூரிகாவும் மற்றதும் ஒரே தொட்டியில் விழுந்தன. கவனமாக வளர்த்தவனுக்கும் கவனிக்காதவனுக்கும் ஒரே கணக்கு. தண்டோடும் தோலோடும் நெடுநாள் ஊறவிட்டு, சீமெந்துத் தொட்டிகளில் ஆண்டுக்கணக்கில் வைத்தார்கள். வெளியே வந்தபோது பழச்சுவை செத்துத் துவர்ப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. மலையும் மண்ணும் கொடுத்ததைத் தொட்டி தின்றுவிட்டது. டாவோ என்றால் கரடுமுரடான வைன் என்ற பெயர் அப்போதுதான் ஒட்டிக்கொண்டது.

நிலம் குற்றவாளியல்ல என்பதற்குச் சாட்சிகள் அப்போதே இருந்தன. நெலாஸில் 1946இல் தொடங்கிய அரச முந்திரிகை ஆய்வு நிலையம் பரிசோதனைக்காகச் சிறு அளவில் செய்த வைன்கள், அரை நூற்றாண்டு கழித்துத் திறக்கப்பட்டபோதும் உயிரோடு இருந்தன. சொந்தப் பழத்தில் வைன் செய்த கொண்டே டி சந்தார் போன்ற மிகச் சில பண்ணைகளும், சங்கங்களின் நல்ல தொட்டிகளைத் தெரிவுசெய்து வாங்கிய ஓரிரு வியாபார நிறுவனங்களும் விதிவிலக்கு.

கிழித்த புகைப்படம்

அந்த ஆட்சி கிராமத்தானைப் புகழ்ந்தது, ஆனால் அவனைக் கிராமத்தில் வைத்திருக்க முடியவில்லை. 1961இல் அங்கோலாவில் விடுதலைப் போர் தொடங்கியது. பின்னர் கினியிலும் மொசாம்பிக்கிலும். இளைஞர்கள் கட்டாய இராணுவ சேவைக்கு அழைக்கப்பட்டு ஆபிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார்கள். வறுமையிலிருந்தும் இந்தச் சேவையிலிருந்தும் தப்ப, 1974 வரையான ஆண்டுகளில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட போர்த்துக்கேயர் நாட்டைவிட்டு வெளியேறினர். அதிகமானோர் பிரான்சுக்கு. டாவோ போன்ற உட்பகுதிக் கிராமங்கள்தான் அதிகம் காலியாகின.

பலரிடம் கடவுச்சீட்டு இல்லை. இதற்கு 'பாய்ச்சல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஏஜென்சிக்காரனுக்கும் குடும்பத்துக்கும் இடையில் ஒரு முறை இருந்தது. போகிறவரின் புகைப்படத்தை இரண்டாகக் கிழிப்பார்கள். ஒரு பாதி கடத்திச் செல்பவனிடம், மறுபாதி பயணியிடம். பிரான்ஸ் போய்ச் சேர்ந்ததும் பயணி தன் பாதியை வீட்டுக்குத் தபாலில் அனுப்புவார். இரண்டு பாதியும் பொருந்தினால்தான் வீட்டார் மிச்சப் பணத்தைக் கொடுப்பார்கள். ஸ்பெயினின் மலைகளை நடந்து கடந்தவர்கள் பாரிஸ் புறநகரான ஷம்பினியில் சேற்றுக்குள் தகரக் கொட்டில் போட்டு வாழ்ந்தார்கள். பின்னர் ஓகஸ்ட் விடுமுறையில் காரோடு ஊர் வந்து, பழைய கருங்கல் வீட்டுக்குப் பக்கத்தில் புது மாடி வீடு கட்டினார்கள். ஆண்டில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கும் வீடுகள். தோட்டத்தில் தாயும் தகப்பனும் மட்டும் மிஞ்சினார்கள்.

இன்னொரு கிராமம்

விமியெய்ரோவிலிருந்து அதிக தூரமில்லாமல், இதே டாவோ எல்லைக்குள், கபனாஸ் டி விரியாத்தோ என்ற கிராமம் இருக்கிறது. சலசாரைவிட நான்கு வயது மூத்த அரிஸ்டிட்ஸ் டி சோசா மெண்டெஸ் 1885இல் அங்கு பிறந்தார். இருவரும் கொயிம்ப்ராவில் சட்டம் படித்தவர்கள். மெண்டெஸின் இரட்டைச் சகோதரர் சீசர், 1932இல் சலசாரின் முதல் அமைச்சரவையில் வெளிநாட்டமைச்சராக இருந்தவர். அவ்வளவு நெருக்கமான வட்டம்.

1940 ஜூனில் அரிஸ்டிட்ஸ், பிரான்சின் போர்தோ நகரில் போர்த்துக்கலின் கொன்சல். ஜேர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்துவிட்டது. தெற்கு நோக்கி ஓடிவந்த மக்கள் கொன்சல் அலுவலகத்தின் படிக்கட்டிலும் வீதியிலும் படுத்திருந்தனர். நாடற்றவர்களுக்கும், சொந்த நாட்டிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களுக்கும் லிஸ்பனைக் கேட்காமல் விசா கொடுக்கக்கூடாது என்று 1939 நவம்பரில் வந்த பதினான்காம் இலக்கச் சுற்றுநிருபம் மேசையில் இருந்தது. அவர் அதனை மீறினார். நாட்டையும் மதத்தையும் பார்க்காமல் ஆயிரக்கணக்கானோருக்கு விசாவில் கையொப்பமிட்டார். எண்ணிக்கை பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் உண்டு. எல்லையைக் கடந்தவர்கள் உயிரோடு இருந்தார்கள் என்பதில் வாதம் இல்லை.

சலசார் அவரைத் திருப்பி அழைத்தார். விசாரணை நடந்தது, ஓராண்டு அரைச் சம்பளம், பின்னர் கட்டாய ஓய்வு. பதினான்கு பிள்ளைகள் பெற்ற குடும்பம் கடனில் மூழ்கியது. கபனாஸிலுள்ள பெரிய வீடு, காசா டோ பஸ்ஸால், கைமாறிப் பாழடைந்தது. 1954இல் லிஸ்பனில் பிரான்சிஸ்கன் சபை மருத்துவமனையொன்றில் வறுமையில் இறந்தார். 1966இல் இஸ்ரேலின் யாட் வாஷெம் அவரைக் கௌரவித்தது. சொந்த நாட்டு நாடாளுமன்றம் அவருக்கு நீதி வழங்க 1988 ஆயிற்று. 2021இல் தேசிய நினைவு மண்டபத்தில் பெயர் பொறிக்கப்பட்டது. அந்த வீடு திருத்தப்பட்டு 2024இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

சலசாரின் கல்லறையும் விமியெய்ரோவில்தான். அவரது பெயரில் வைன் விற்க அவ்வூர் நகரசபை 2012இல் முயன்றது. வியாபாரக் குறிகளைப் பதியும் அரச அலுவலகம் மறுத்துவிட்டது. அவரது ஆட்சிக்காலம் பற்றிய ஒரு நிலையம் அமைக்கும் திட்டத்துக்கு எதிராக 2019இல் நாடாளுமன்றம் வாக்களித்தது. யாரை நினைப்பது, யாரை நினைக்கக்கூடாது என்ற வழக்கு அந்த மலைக்கிண்ணத்துக்குள் முடிந்தபாடில்லை. என்னைக் கேட்டால், டாவோவுக்குப் போகும் ஒருவர் எந்தப் பண்ணையையும் பார்க்காவிட்டாலும் பஸ்ஸால் வீட்டைப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

மீண்டதும் எரிந்ததும்

1974 ஏப்ரல் 25 புரட்சி சர்வாதிகாரத்தை முடித்தது. ஆனால் டாவோவின் ஏகபோகத்தை உண்மையில் உடைத்தது, 1986இல் போர்த்துக்கல் ஐரோப்பிய சமூகத்தில் இணைந்ததும் அதன் போட்டி விதிகளும்தான். அதன் பிறகு பழம் வளர்த்தவரே வைன் செய்து தன் பெயரில் விற்கலாம் என்றாயிற்று. பெரிய நிறுவனமான சொக்ராப் கர்வல்யைஸ் பண்ணையில் முதலிட்டது. பெலாடா பண்ணையின் அல்வாரோ கஸ்ட்ரோ போன்றவர்கள் பழைய கலப்புத் தோட்டங்களைப் பிடுங்காமல் பாதுகாத்து, சிறு அளவில் தங்கள் வைனை வெளியிட்டார்கள். அழியும் நிலைக்குப் போன தூரிகா நாசியோனாலில் நல்ல தண்டுகளைத் தேடித் தெரிந்து மீண்டும் நட்டார்கள். சூடாகிவரும் காலநிலைக்குத் தாக்குப்பிடிக்கும் வகை தேடிய பிரான்சின் போர்தோ பிரதேசமே, தனது தோட்டங்களில் தூரிகாவைப் பரிசோதனையாக நட 2021இல் அனுமதி பெற்றது.

விவசாயிகளுக்கு இது முழு விடுதலையா என்றால், இல்லை. சொந்தப் பெயரில் போத்தல் விற்க முதல் வேண்டும், ஆட்கள் வேண்டும். அது இல்லாத முதியவர் இன்றும் சங்கத்தில்தான் பழத்தை இறக்குகிறார். சில சங்கங்கள் தம்மைத் திருத்திக்கொண்டு நல்ல வைன் செய்கின்றன. சில மூடிவிட்டன. பிள்ளைகள் பாரிஸிலும் ஜெனீவாவிலும் இருக்கும் வீடுகளில், தகப்பன் இறந்த ஆண்டோடு தோட்டமும் பற்றையாகிறது.

அந்தப் பற்றையில்தான் ஆபத்து. யாரும் வெட்டாத பைனும் யூக்கலிப்டஸும் கைவிடப்பட்ட வயல்களை மூடின. 2017 ஒக்ரோபர் 15ஆம் திகதி, நீண்ட வறட்சிக்குப் பின், கரைக்கு அப்பால் கடந்த ஒஃபீலியா சூறாவளியின் காற்றில் மத்திய போர்த்துக்கல் முழுவதும் தீப்பிடித்தது. சந்தா கொம்பா டாவோ, தொந்தெலா, கர்ரெகல் டோ சல், ஒலிவெய்ரா டோ ஹொஸ்பித்தால் என்று டாவோவின் ஊர்கள் ஒரே இரவில் எரிந்தன. அன்றைய தீயில் சுமார் ஐம்பது பேர் இறந்தனர். வயோதிபர் பலர். வைன் களஞ்சியங்களும் ஆட்டுப்பட்டிகளும் சாம்பலாயின.

காலையில் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பராமரிக்கப்பட்ட முந்திரிகைத் தோட்டங்கள் பெரும்பாலும் ஓரத்து வரிசைகளை மட்டும் இழந்து நின்றன. களை எடுத்த மண்ணில் தீக்குத் தின்ன எதுவும் இருக்கவில்லை. தோட்டம் இருந்த இடத்தில் தீ மறிபட்டது, தோட்டம் காடான இடத்தில் வீட்டுவாசல் வரை வந்தது. 2024 செப்ரெம்பரில், அறுவடை நாட்களில், நெலாஸ், மங்குவால்டே, பெனல்வா டோ கஸ்தெலோ பக்கங்களில் மறுபடியும் பெருந்தீ மூண்டது.